இரும்புப் பந்து

ஏஎஸ்எம்மாக, அதாவது உதவி ஸ்டேஷன் மாஸ்டராக, எனக்குக் கிடைத்த முதல் ஸ்டேஷன் திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் நடுவில். மீட்டர் கேஜ் காலம். பகலில் சில பாசஞ்சர்கள், ராத்திரியில் எப்போதாவது ஒரு கூட்ஸ். மீதி நேரம் வேப்பமரமும் காக்காயும்தான். ஊர்க்காரர்களைப் பொறுத்தவரை நான் டிக்கெட் கொடுக்கிற ஆள். அட்டை டிக்கெட்டைத் தேதி மெஷினில் விட்டு 'டக்' என்று இழுப்பதை மட்டும்தான் அவர்கள் பார்த்தார்கள்.

நிஜமான வேலை உள்ளே, டோக்கன் மெஷினோடு. ஒற்றைப் பாதை அது. பக்கத்து ஸ்டேஷனுக்கு மணி அடித்து, அங்கே இருப்பவர் சம்மதம் தந்தால்தான் என் மெஷினிலிருந்து ஒரு இரும்புப் பந்து உருண்டு வெளியே வரும். அது டிரைவர் கையில் இருந்தால்தான் வண்டி நகரலாம். ஒரு பந்து வெளியே இருக்கும்வரை இரண்டு மெஷினிலும் அடுத்த பந்து வராது. ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு வண்டி வராமல் பார்த்துக்கொண்டது இந்தப் பூட்டுத்தான்.

ஒரு ஐப்பசி ராத்திரி, நல்ல மழை. நிற்காமல் போன கூட்ஸிலிருந்து டிரைவர் வீசிய, பந்து இருக்கும் தோல் பை கட்டிய பிரம்பு வளையம், தண்டவாளம் மாற்றிவிடும் எங்கள் பாயிண்ட்ஸ்மேன் அண்ணாச்சியின் கைக்கு எட்டாமல் இருட்டுக்குள் போய்விட்டது. அடுத்த ஸ்டேஷன் வரையான பகுதிக்கான பந்தை டிரைவர் சரியாக வாங்கிக்கொண்டார். அவர் கொண்டுவந்த பந்துதான் காணோம். அது மெஷினுக்குள் போகாதவரை அந்தப் பகுதி மூடியபடிதான் கிடக்கும். விடிந்தால் முதல் பாசஞ்சர் வேறு.

"நீங்க போனைப் பாருங்க சார், நான் தேடுறேன்" என்று அண்ணாச்சி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினார். எனக்கு உள்ளே இருப்புக்கொள்ளவில்லை. அப்புறம் அரைமணி நேரம், லாந்தர் வெளிச்சத்தில் மூங்கில் கழியால் ஓடைத் தண்ணீரைத் துழாவியவரை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றேன். கருவேல முள்ளில் மாட்டியிருந்தது வளையம். தோல் பை ஊறிக் கனத்திருந்தது. பந்தை வேட்டியில் துடைத்துத்தான் என்னிடம் கொடுத்தார்.

மெஷினில் போட்டு மணி அடித்தேன். உடனே பக்கத்து ஸ்டேஷனிலிருந்து போன்.

"கிடைச்சுட்டா வே?"

அந்தக் குரலோடு எட்டு மாதப் பழக்கம், முகம் பார்த்ததில்லை. மணி அடிக்கிற தினுசை வைத்தே அவர்தானா, மாற்று ஆளா என்று சொல்லிவிடுவேன்.

2012இல் அகலப்பாதை வந்தபோது நான் வேறு ஊரில் இருந்தேன். பிறகு தென்காசியில் ஒரு கல்யாணப் பந்தியில், எனக்கு இரண்டு இலை தள்ளி யாரோ "இங்க ரசம் வரல வே" என்றார். எழுந்து போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.