வேண்டியது அம்மா, ஏறியது நான்

வேண்டிக்கொண்டது அம்மா, ஏற வேண்டியவன் நான். போன ஐப்பசியில் டெங்குக் காய்ச்சலில் நான் துவண்டு கிடந்தபோது, "என் பிள்ளை எழுந்து நடமாடினால் ஏழு மலையும் ஏறி வந்து உன்னைக் கும்பிடுவான்" என்று வெள்ளியங்கிரி ஆண்டவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாசியும் பங்குனியும் சாக்குச் சொல்லியே கழிந்தன. மே 31 தாண்டினால் வனத்துறை மலைப்பாதையை அடைத்துவிடும். வேறு வழியில்லாமல் சித்திரையில் ஒரு சனிக்கிழமை, கோயம்புத்தூர் பக்கம் வெள்ளியங்கிரி அடிவாரமான பூண்டிக்குப் போய்ச் சேர்ந்தோம். விவரமுள்ளவர்கள் வெயிலுக்குப் பயந்து இரவிலேயே ஏறிவிடுவார்கள். அம்மாவுக்கு யானைப் பயம். "விடியட்டும் கண்ணு" என்று சொல்லிவிட்டு, முழங்கால் வலியோடு மனோன்மணி அம்மன் சந்நிதிப் பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

அடிவாரத்தில் வண்டி நிறுத்த ஒரு பேரம், மூங்கில் தடிக்கு இன்னொரு பேரம். தடிக்கு 50 ரூபாயா என்று சண்டை போட்டேன். இறங்கும்போது 500 கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். பிளாஸ்டிக் சோதனையில் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். அப்படியும் வழி நெடுகப் பாறை இடுக்குகளில் பிளாஸ்டிக் உறைகள் கிடந்தன. எப்படித்தான் ஒளித்துக் கொண்டுவருகிறார்களோ!

முதல் மலைப் படிகளே ஆளைத் தின்றுவிடும். வெள்ளை விநாயகரைப் பார்ப்பதற்குள் திரும்பிவிடலாமா என்று இரண்டு முறை நினைத்தேன். அதன்பின் மரநிழல், மூங்கில் காற்று, கைதட்டிச் சுனைத் தண்ணீர் என்று கொஞ்சம் உயிர் வந்தது. பின்னால் வந்த இளவட்டங்கள் சினிமாப் பாட்டை அலறவிட்டுக்கொண்டே ஏறினார்கள். காட்டுக்குள் அது எதற்கு? ஒரு பெரியவர் திரும்பி நின்று, "அரோகரா சொல்லுங்கள் சாமி, மூச்சு வாங்காது" என்றார். பாட்டு நின்றது.

நிழலெல்லாம் கீழேயே முடிந்துபோயிற்று. மேல் மலைகளில் புல்வெளியும் பாறையும்தான். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. ஆண்டி சுனையில் முங்கி எழுந்தபோது குளிரில் பற்கள் தந்தியடித்தன. ஏழாவது மலையில் தடியைக்கூட நம்ப முடியவில்லை. கையை ஊன்றி, தவழ்ந்து, நமசிவாய நமசிவாய என்று முனகிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

சாய்ந்து நிற்கும் பெரும்பாறைகளுக்கு நடுவே சின்னதாக உட்கார்ந்திருக்கிறார். சுமார் 6000 அடி உயர மலை ஏறி வந்தவனுக்குக் கிடைத்தது ஒரு நிமிடம்கூட இருக்காது. "நகருங்கள், நகருங்கள்" என்று முதுகில் இடி. அம்மா கொடுத்தனுப்பிய வில்வம் பைக்குள் வாடிக் கசங்கியிருந்தது. அதைத் தயங்கி நீட்டினேன். பூசாரி முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு, "யார் பேருக்கு?" என்றார். ஊரில் இருந்து மனப்பாடம் செய்துவந்தது என் பெயர், என் நட்சத்திரம். வாயில் வந்தது அம்மா பெயர். "நட்சத்திரம்?" என்றார். தெரியவில்லை. நாற்பது வருடம் அந்தக் கையால் சாப்பிட்டவனுக்குத் தெரியவில்லை. "அதனால் என்ன, சுவாமி பேருக்கே செய்துவிடலாம்" என்று அந்த வாடின இலைகளைச் சிவன் தலையில் வைத்தார். கண் நிறைந்து லிங்கமே மங்கிவிட்டது. காய்ச்சல் நாட்களில் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய்கூட இல்லாமல் கிடந்தவர் அம்மா. ஆண்டவனே, என்னை அவருக்குத் திருப்பிக் கொடுத்தாயே, அதற்கு இந்தக் கசங்கின இலையா ஈடு? வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை. மறுபடி யாரோ தள்ளினார்கள், வெளியே வந்துவிட்டேன்.

இறங்கிய கதையைச் சொல்லாமலிருப்பதே நல்லது. கடைசிப் படிகளில் கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. பாதி உட்கார்ந்தே இறங்கினேன்.

இருட்டியபின் அடிவாரம். அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அதே இடத்தில் இருந்தார். விபூதியை வாங்கி முதலில் என் நெற்றியிலும், பிறகு குனிந்து என் முழங்கால்களிலும் பூசினார்.

"அம்மா, உங்கள் நட்சத்திரம் என்ன?"

"யாருக்குத் தெரியும்? கடலைக்காய் பிடுங்குகிற சமயத்தில் பிறந்தேன் என்று அப்புச்சி சொல்வார். அதை எதற்கு இப்போது கேட்கிறாய்? வா, சாப்பிடலாம்."