கணவாய்க் குஞ்சை யார் தின்கிறார்கள்: கேமராவில் பார்த்த வரை

ஐரோப்பியக் கரையோரத்து ஓட்டுக் கணவாய், அதாவது செப்பியா அஃபிசினாலிஸ், ஆழமில்லாத தண்ணீரில் கடற்புல், பாசி போன்றவற்றில் ஒட்டி முட்டையிடும். ஒவ்வொரு முட்டையிலும் தாய் மையைச் சேர்த்துவிடுவதால் திராட்சைக் குலை மாதிரிக் கறுப்பாகத் தொங்கும். தாய் அதன் பிறகு காவலுக்கு இருப்பதில்லை. இந்த சீசனில் ஒரு குலைக்கு எதிரே எடைக்கல்லில் சின்ன கேமராவைக் கட்டி வைத்துப் பார்க்கிறேன். குஞ்சுகள் பெரும்பாலும் இரவில் பொரிவதால் சிவப்பு விளக்கு. அந்த நிறம் கணவாய்க் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது.

பொரிந்த குஞ்சு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. துடுப்பை அசைத்து, உடம்புக்கு அடியில் இருக்கும் புனல் மாதிரியான குழாயால் தண்ணீரை ஊதி மணலைக் கிளப்பி, மணல் நிறத்துக்கு மாறி, கண் மட்டும் தெரியும்படி புதைந்துகொள்கிறது. மேலே போகிற மீனுக்கு இது போதும், சின்னக் களவாக்கள் நேர் மேலே நின்றும் கவனிக்காமல் போகின்றன. நண்டுக்குப் போதாது. அது வாசனையையும் தொடுகையையும் நம்பி மணலைக் கிளறிக்கொண்டே வருகிற ஆள், அதனிடம் நிறம் மாற்றி என்ன பிரயோஜனம்? என் பதிவுகளில் குஞ்சு கிளம்பி ஓடியதெல்லாம் நண்டுக்குத்தான்.

கொஞ்சம் வளர்ந்த குஞ்சுகளின் விஷயம்தான் சுவாரசியம். மீன் நெருங்கினால் உடம்பைத் தட்டையாக விரித்து, வெளுத்து, முதுகில் இரண்டு கறுப்புப் புள்ளிகளைக் காட்டும், பார்ப்பதற்குப் பெரிய ஏதோ ஒன்றின் கண்கள். ஆய்வகத்தில் கடல் பாஸ் மீனிடம் இப்படிக் காட்டியவை நாய்ச்சுறாவையும் நண்டையும் கண்டதும் காட்டாமல் ஓடியிருக்கின்றன. கண்ணால் வேட்டையாடுகிறவனை மட்டும்தானே படம் காட்டி மிரட்ட முடியும்! தப்பிக்கும்போது விடுகிற மை தனிக்கதை, அது என் கேமராவில் வெறும் புகையாகத்தான் விழுந்திருக்கிறது.

டால்பின், சீல் எல்லாம் தின்பது வளர்ந்த கணவாயை. குஞ்சுக்கு ஆபத்து தரை மட்டத்தில்தான், பெரிய கணவாயும் அந்தக் கணக்கில் சேர்த்தி, சொந்த இனத்தையே பிடித்துத் தின்னும். இப்போது என் கேமரா குலையைப் பார்த்து மேல்நோக்கி இருக்கிறது, அடுத்து அதைத் தாழ்த்தி மணலோடு ஒட்டினாற்போல் வைத்து, நண்டு வரும் பக்கத்தைப் பிடிக்கப் போகிறேன்.