வேலை கைமாறும் இடம்

பத்து நிமிடப் பாட வீடியோ எடுக்க ஐந்து பேர் போதும்: ஸ்கிரிப்ட் எழுதுபவர், கேமராமேன், ஒலிப்பதிவாளர், எடிட்டர், கிராஃபிக்ஸ் செய்பவர். பட்ஜெட் இறுகினால் முதலில் கழற்றிவிடப்படுவது ஒலிப்பதிவாளர்தான். "கேமராவிலேயே மைக் இருக்கே" என்பார்கள். வினை அங்கேதான் தொடங்கும்.

ஸ்கிரிப்ட் தாளை நெடுக்காக இரண்டாகப் பிரித்து எழுதுவது நல்லது. இடப்பக்கம் திரையில் தெரிவது, வலப்பக்கம் குரல். நிதானமாகத் தமிழ் வாசிக்க நிமிடத்துக்குச் சுமார் 100 சொல் என்று வைத்தால் பத்து நிமிடத்துக்கு 1,000 சொல். எழுதுபவர் 1,600 சொல் கொடுத்துவிட்டால் வாசிப்பவர் ஓட வேண்டும், படங்களுக்கு மூச்சுவிட இடமிருக்காது. எழுதியதை வாய்விட்டுப் படித்து நேரம் பார்க்கிற பழக்கம் அவருக்கு இருந்தாலே எடிட் அறையில் பாதிச் சண்டை குறையும்.

கேமராமேன் லென்ஸைப் பற்றி எவ்வளவு பேசினாலும், முதலில் பார்க்க வேண்டியது ஷட்டர், அதாவது ஒவ்வொரு படமும் எவ்வளவு நேரம் ஒளியைப் பதிகிறது என்பது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 25 பிரேம் (படம்), 1/50 விநாடி ஷட்டர் வைத்தால் விளக்கின் மினுக்கல் பெரும்பாலும் அடங்கி நிற்கும். 30 பிரேம், 1/60 என்று விட்டுவிட்டால் டியூப்லைட் வெளிச்சத்தில் பட்டை பட்டையாக ஓடும். அதை எடிட்டில் முழுதாகத் துடைக்க முடியாது. செல்போனில் எடுத்தால் இன்னொரு தொல்லை: பிரேம் வேகம் ஏறி இறங்குவதால், தனியாகப் பதிந்த ஒலியோடு சேர்க்கும்போது போகப்போக உதடு ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமும் போகும். எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் போடுவதற்கு முன்பே நிலையான பிரேம் வேகத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

ஒலிக்கு வருவோம். காலர் மைக் தாடைக்கு ஒரு சாண் கீழே இருக்க வேண்டும். பட்டுப்புடவை உரசும், கழுத்துச் சங்கிலி தட்டும். கேமரா பின்னால் நிற்பவர் காதுக்கு இதெல்லாம் எட்டாது. ஹெட்போன் மாட்டியவருக்கு மட்டுமே கேட்கும். ஒலி மீட்டரில் அளவு உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும். ஃபேனை நிறுத்துங்கள், முடிந்தால் ஏசியையும். பேசி முடித்ததும் எல்லோரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு எழுவார்கள். அதற்கு முன் 30 விநாடி அசையாமல் உட்காரவைத்து அறையின் அமைதியைப் பதிவு செய்ய வேண்டும். ஓர் இருமலை எடிட்டர் வெட்டினால் அந்த இடம் ஓட்டை போலக் கேட்கும். அந்த ஓட்டையை அடைக்க அதே அறையின் மெல்லிய இரைச்சல்தான் பொருந்தும்.

ஷூட் முடிந்த பிறகு யார் பொறுப்பு என்றே தெரியாத ஒரு வேலை இருக்கிறது, கேமராவின் மெமரி கார்டில் பதிந்ததைக் கணினிக்கு இறக்குவது. விநாடிக்கு 100 மெகாபிட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, மூன்று மணி நேரம் என்றால் 270 ஜிபி. இரண்டு தனித்தனி டிரைவில் நகல் எடுத்து, இரண்டையும் திறந்து பார்த்த பிறகே கார்டை அழிக்கலாம். இதை "யாராவது பண்ணிடுவாங்க" என்று விடாமல் ஷூட் தாளிலேயே ஒருவர் பெயரை எழுதிவிட வேண்டும்.

எடிட்டர் 'ரஃப் கட்' எனப்படும் முதல் கோர்வையைப் பாட ஆசிரியருக்கு கிராஃபிக்ஸ் சேர்க்காமலேயே காட்டட்டும். மொட்டையாக இருக்கிறதே என்று அவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. எல்லாம் முடிந்த பிறகு "இந்த ஒரு வரியை எடுத்துடுங்க" என்றால் அனிமேஷன், இசை, சப்டைட்டில் மூன்றும் நகரும். ஒரு வரிக்கு ஒரு நாள் போய்விடும்.

கிராஃபிக்ஸில் தமிழுக்கென்றே ஒரு சோதனை உண்டு. 'கொ' என்ற எழுத்தில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நிற்க வேண்டும். மென்பொருளில் எழுத்துகளை அடுக்கும் எஞ்சின் லத்தீன் (ஆங்கில எழுத்து) முறையில் இருந்தால் கொம்பு இடம் மாறி ககரத்துக்குப் பின்னால் போய் உட்காரும். தெற்காசிய மொழிகளுக்கான எஞ்சினுக்கு அமைப்பில் மாற்றினால் சரியாகும். சிலர் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துருவுக்கு ஓடிவிடுவார்கள்; திரையில் சரியாகத் தெரியும், ஆனால் சப்டைட்டிலுக்கு நகல் எடுத்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் கிடைக்கும். எழுத்துப்பிழை பார்ப்பவர் ஸ்கிரிப்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதாது. ரெண்டர் ஆகி, அதாவது இறுதிக் கோப்பாகி, வந்த வீடியோவைத்தான் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும்.