நைஜல் மெக்கின்னஸின் பன்னிரண்டு ஆண்டுகள்

2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், ஒலிம்பியா என்னும் பழைய அரங்கில் நடந்த ஒரு தொழில்முறை மல்யுத்தப் போட்டியை, கல்லூரி விடுதியில் நண்பன் ஒருவனின் கணினியில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். போட்டியின் பிற்பகுதியில் பிரையன் டேனியல்சன், ரிங்கின் மூலையில் நிற்கும் இரும்புக் கம்பத்துக்கு அப்பால் நின்றுகொண்டு, கம்பத்தின் இருபுறமும் கைகளை நீட்டி எதிராளியின் மணிக்கட்டுகளைப் பற்றி, முழு பலத்தையும் கூட்டி இழுத்தார். இழுபட்டவரின் தலை நேராகக் கம்பத்தில் போய் மோதியது. இரண்டு கைகளும் பிடிபட்டிருந்ததால் அவருக்குத் தடுத்துக்கொள்ள வழியில்லை. அவர் முகத்தில் ரத்தம் வழியத் தொடங்கியபோது, "டேய், இது நிஜ ரத்தம்டா" என்று நண்பன் சொன்னது இன்றும் காதில் கேட்கிறது.

மல்யுத்தத்தில் யார் வெல்வது என்பது முன்பே பேசி வைக்கப்படுகிறது என்பதை அந்த அறையில் இருந்த அனைவரும் அறிந்திருந்தோம். ஆனால் விழுவதை யாராலும் பேசி வைக்க முடியாது. எஃகுச் சட்டத்தின் மேல் மரப்பலகை, அதன் மேல் ஒரு மெல்லிய பஞ்சு விரிப்பு, அதற்கு மேல் இழுத்துக் கட்டிய கித்தான் துணி, இவ்வளவுதான் மல்யுத்த மேடை. முகவாயை மார்போடு ஒட்டிக்கொண்டு, மூச்சை வெளியே விட்டு, இரு கைகளாலும் தரையை அறைந்தபடி முதுகின் மேற்பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி விழப் பழகுவதே இத்தொழிலின் அரிச்சுவடி. அப்படிப் பழகியவருக்கும் வலி இல்லாமல் போவதில்லை. அந்த வலி ஓரிடத்தில் குவியாமல் பரவுகிறது, அவ்வளவே. இரும்புக் கம்பத்தில் மோதும் தலைக்கு அந்தப் பரவலும் இல்லை.

தலை உடைந்தவரின் பெயர் நைஜல் மெக்கின்னஸ். லண்டனில் 1976இல் பிறந்தவர். 1992 ஆகஸ்டில் வெம்பிளி மைதானத்தில் நடந்த சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில், டேவி பாய் ஸ்மித் தம் சொந்த நாட்டு மக்கள் முன்னிலையில் பிரெட் ஹார்ட்டை வென்றார். மல்யுத்த வீரராக வேண்டும் என்ற ஆசை மெக்கின்னஸுக்கு வேர்பிடித்தது அந்த நிகழ்ச்சியால்தான். அப்போது அவருக்குப் பதினாறு வயது. பின்னர் அமெரிக்கா சென்று, ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் லெஸ் தாட்சர் என்னும் மூத்த பயிற்சியாளரிடம் தொழில் கற்று, 1999இல் ரிங்கில் இறங்கினார். ஆங்கிலேயரான அவர் பிரிட்டிஷ் மல்யுத்தம் ஆடிப் பெயர் எடுத்ததெல்லாம் அமெரிக்காவில்தான் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி.

சுயேச்சை மல்யுத்த வீரர் என்றால் யார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். தொலைக்காட்சியில் வரும் பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் இல்லாமல், பள்ளி உடற்பயிற்சிக் கூடங்களிலும் சமூகக் கூடங்களிலும் சில நூறு பேர் முன்னிலையில், ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு ஆடுபவர் அவர். நான்கைந்து பேர் ஒரே காரில் இரவு முழுவதும் பயணம் செய்வார்கள். போட்டி முடிந்ததும் வாசலருகே ஒரு மேசை போட்டு, வியர்வை உலர்வதற்குள் தம் படம் போட்ட சட்டைகளையும் கையெழுத்திட்ட புகைப்படங்களையும் தாமே விற்பார்கள். பல இரவுகளில் ஆட்டக்கூலியைவிட அந்த மேசையின் வரவே கூடுதலாக இருக்கும். மருத்துவக் காப்பீடு, விடுப்பூதியம், ஓய்வூதியம் என்று எதுவும் இல்லை. அடிபட்டால் அன்றைய கூலி மட்டும் கிடைக்கும். மறுநாள் ஆட முடியாவிட்டால் அதுவும் இல்லை. நம்மூரில் சாரத்தில் ஏறி வேலை செய்யும் கொத்தனாரின் நிலை எதுவோ அதுவேதான்.

மெக்கின்னஸ் 2003இல் சேர்ந்த ரிங் ஆஃப் ஹானர் என்ற அமைப்பு, முந்தைய ஆண்டுதான் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கப்பட்டிருந்தது. அதன் வருமானத்தில் பெரும்பங்கு அரங்கிலிருந்து வரவில்லை. ஒவ்வொரு நிகழ்ச்சியையும் ஒளிப்பதிவு செய்து, வட்டுகளாக அஞ்சலில் உலகெங்கும் அனுப்பி விற்றார்கள். எங்கள் விடுதிக் கணினிக்கு வந்து சேர்ந்த பிரதியின் மூலமும் அப்படி விற்ற ஒரு வட்டாகத்தான் இருந்திருக்க வேண்டும். அதன் விளைவை நான் வெகுகாலம் கழித்தே புரிந்துகொண்டேன். வாரந்தோறும் தொலைக்காட்சியில் கதை சொல்பவர்கள் ஒரு சண்டையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடலாம். வட்டு விற்பவர்களால் முடியாது. இந்த மாத வட்டில் ஒரு போட்டி எல்லோராலும் பேசப்பட்டால்தான் அடுத்த மாத வட்டு விற்கும். ஆகவே ஒவ்வொரு போட்டியும் முந்தையதை மிஞ்ச வேண்டியிருந்தது. மிஞ்சுவதற்கு வீரர்களிடம் இருந்த ஒரே கைமுதல் அவர்களின் உடல்.

ஆயினும் மெக்கின்னஸ் ரத்தம் சிந்தித்தான் பெயர் பெற்றார் என்று எண்ணிவிடக் கூடாது. ரிங் ஆஃப் ஹானரில் 'ப்யூர்' பட்டம் என்று ஒன்று இருந்தது. பிடியில் சிக்கிய வீரர் கயிற்றைத் தொட்டால் நடுவர் பிடியை விடச் சொல்வது மல்யுத்தத்தின் பொது விதி. ப்யூர் போட்டியில் அந்தச் சலுகை மூன்று முறை மட்டுமே. அதற்குப் பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினாலும் பயனில்லை. முகத்தில் கைவிரல்களை மடக்கிக் குத்தவும் தடை உண்டு. 2005 ஆகஸ்ட் 27 அன்று சமோவா ஜோவை வென்று அந்தப் பட்டத்தைப் பெற்ற மெக்கின்னஸ், 350 நாள்கள் அதைத் தம்மிடம் வைத்திருந்தார். எதிராளியின் மூன்று கயிறுகளையும் ஒவ்வொன்றாகச் செலவழிக்க வைக்கும் பொறுமை அவரிடம் இருந்தது. சதுரங்கத்தில் காய்களை வெட்டிக் குறைப்பதைப் போல அவர் அந்த வேலையைச் செய்வார்.

அவர் கையிலிருந்த ஒரு நுணுக்கத்தைச் சொல்கிறேன். எதிராளி அவர் மணிக்கட்டைப் பற்றி முறுக்குவார். சாதாரண வீரர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார், அல்லது மறுகையால் அடிப்பார். மெக்கின்னஸோ முறுக்கு எந்தத் திசையில் போகிறதோ அதே திசையில் முன்னால் ஒரு குட்டிக்கரணம் போட்டு, முதுகில் படுத்தபடியே ஒருக்களித்துப் புரண்டு எழுவார். எழும்போது முறுக்கு முழுவதும் பிரிந்திருக்கும், எதிராளியின் மணிக்கட்டு இவர் கையில் இருக்கும். கிணற்றடியில் கயிற்றின் சிக்கலை அவசரமின்றி எடுப்பவரின் கைகளைப் பார்ப்பது போலிருக்கும். அதற்கு நேர்மாறானது, கையை நீட்டி அடிக்கும் அவருடைய லேரியட். அடி வாங்கிப் பின்னால் சாய்பவர் இரு கயிறுகளுக்கிடையே விழப்போகிறார் என்று தோன்றும். கயிறு இழுபட்டு அவரை அப்படியே திரும்ப வீச, நீட்டிய கையோடு வந்து எதிராளியின் தாடையில் மோதுவார்.

லிவர்பூல் போட்டியில் ப்யூர் பட்டத்தை டேனியல்சனிடம் இழந்தார். டேனியல்சன் ஏற்கெனவே உலகப் பட்டத்தை வைத்திருந்ததால் இரண்டும் ஒன்றாயின. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், ஜப்பானைச் சேர்ந்த தகேஷி மொரிஷிமாவுடன் மோதிய டேனியல்சனுக்குக் கண்குழி எலும்பு முறிந்து, விழித்திரை விலகியது. அந்நிலையிலும் அவர் போட்டியை முடித்தார். ஆறு வாரங்கள் கழித்து, 2007 அக்டோபர் 6 அன்று நியூ ஜெர்சியின் எடிசன் நகரில், அதே மொரிஷிமாவை மெக்கின்னஸ் வீழ்த்தி உலகப் பட்டம் பெற்றார். 2009 ஏப்ரல் 3 அன்று ஹூஸ்டனில் ஜெர்ரி லின்னிடம் இழக்கும் வரை 545 நாள்கள் அவரே வெற்றிவீரர். அந்த நாள்களின் கடைசிப் பகுதியில் மேல்கைத் தசை கிழிந்த நிலையில் அவர் ஆடிக்கொண்டிருந்தார். காயத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ளாமல், ஓய்விலும் பயிற்சியிலும் தானாக ஆறட்டும் என்று விட்டுவிட்டார். கூலிக்கு ஆடுபவரிடம் அறுவை சிகிச்சைக்கான பணத்தையும், அதற்குப் பின் பல மாதங்கள் வருமானமின்றி இருக்கும் துணிவையும் எப்படி எதிர்பார்ப்பது?

2009இல் மெக்கின்னஸ், டேனியல்சன் இருவருக்கும், தொலைக்காட்சியில் வரும் அந்தப் பெரிய நிறுவனமான டபிள்யூடபிள்யூஇயின் கதவு திறந்தது. செப்டம்பர் 26 அன்று நியூயார்க்கின் மன்ஹாட்டன் சென்டரில் இருவரும் ஒருவரோடு ஒருவர் மோதி ரிங் ஆஃப் ஹானரிடம் விடைபெற்றார்கள். பத்தாண்டு கார்ப் பயணம் முடிந்துவிட்டது என்று ரசிகர்களும் நம்பினார்கள். டேனியல்சன் சென்றார், 2014இல் நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில், ஒரே இரவில் இரண்டு போட்டிகளை வென்று உலகப் பட்டத்தைத் தூக்கிப் பிடித்தார். மெக்கின்னஸுக்கோ மருத்துவப் பரிசோதனையில் அந்தப் பழைய தசைக் காயம் குறுக்கே நின்றது. ஒப்பந்தம் கைகூடவில்லை. காயம் நிறுவனத்தின் வேலையில் வந்ததன்று, எனவே செலவும் அவர்களுடையதன்று என்ற கணக்கு சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் அவரைக் கவனிக்க வைத்த போட்டிகளும் அவரைக் காயப்படுத்திய போட்டிகளும் ஒன்றேதான். அந்தத் திறமையை விரும்பி, அதன் விலையை அவரிடமே திருப்பிக் கொடுத்த அந்தக் கணக்கை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

அதன்பின் டிஎன்ஏ (TNA) என்னும் மற்றொரு மல்யுத்த நிறுவனத்தில் டெஸ்மண்ட் வுல்ஃப் என்ற பெயரில் இறங்கி, 1996 ஒலிம்பிக் தங்கப் பதக்கம் வென்ற கர்ட் ஆங்கிளோடு நவம்பரில் மோதினார். அந்தப் போட்டியைப் பார்த்தவர்கள் இனி அவர் மேலே போவார் என்றே நினைத்திருப்பார்கள். 2010இல் அவருக்கு ஹெப்படைட்டிஸ் பி தொற்று இருப்பது தெரியவந்தது. இதை அவரே பின்னர் பொதுவெளியில் சொன்னார். ரிங்கிலிருந்து விலக்கப்பட்டார். பின்னர் குணமடைந்தும் அந்த ரிங்கில் அவர் மீண்டும் ஆடவில்லை. 2011இல் அங்கிருந்து வெளியேறி, ஒரு கேமராவோடு சிறிய அரங்குகளில் கடைசிச் சுற்று ஆடினார். தொடங்கிய இடத்துக்கே திரும்பி, அதே சில நூறு பேர் முன்னிலையில், அதே மேசையருகே நின்று விடைபெற்றார். டிசம்பரில் ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 35. ரசிகர்கள் இணையத்தில் திரட்டிக் கொடுத்த பணத்தில் அந்தப் பயணத்தை ஆவணப்படமாக எடுத்தார்.

பிறகு வர்ணனையாளரானார். முதலில் ரிங் ஆஃப் ஹானரில், 2016 இறுதியில் டபிள்யூடபிள்யூஇயில், 2023 முதல் ஏஇடபிள்யூ என்னும் வேறொரு மல்யுத்த நிறுவனத்தில். ஆடுகளத்துக்குள் அழைக்காத டபிள்யூடபிள்யூஇ வர்ணனை மேசைக்கு அழைத்துக்கொண்டது. ஒரு பிடியின் பெயரோடு, அதில் எந்த மூட்டு நோகிறது, ஏன் நோகிறது என்பதையும் அவர் விளக்குவார். அந்த நோவைத் தாமே அறிந்தவரின் குரல் அது.

2024 ஆகஸ்ட் 25 அன்று ஏஇடபிள்யூ நிகழ்ச்சிக்காக வெம்பிளியில் கூட்டம் நிரம்பியிருந்தது. 1992இல் இருந்த மைதானம் இடிக்கப்பட்டு, அதே இடத்தில் எழுந்த புதிய மைதானம் அது. பலர் ஒருவர் பின் ஒருவராக நுழையும் ஒரு போட்டியில், எதிர்பாராத நேரத்தில் நைஜல் மெக்கின்னஸின் பெயர் ஒலித்தது. ஏறக்குறைய பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 48 வயதில், ரிங்குக்குள் ஏறினார். அந்தப் போட்டியை அவர் வெல்லவில்லை. அதே இரவில் டேனியல்சன் அந்நிறுவனத்தின் உலகப் பட்டத்தை வென்றார். டேனியல்சனும் இடையில் தலைக்காயங்களால் 2016 முதல் இரண்டு ஆண்டுகள் ஆட முடியாமல் ஒதுங்கியிருந்து திரும்பியவர்தான்.

ஒரு மாதம் கழித்து நியூயார்க்கின் ஆர்தர் ஆஷ் மைதானத்தில் இருவரும் மறுபடியும் மோதினார்கள். அங்கே செப்டம்பர் 25 இரவு. இங்கே 26ஆம் தேதி விடியற்காலை. மன்ஹாட்டன் சென்டரில் விடைபெற்ற அதே செப்டம்பர் 26, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின். வீட்டில் எல்லோரும் உறங்கிக்கொண்டிருக்க, கைபேசியில் ஒலியைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். லிவர்பூல் போட்டியில், விடுதியில் நாங்கள் ஆரவாரம் செய்த அந்தக் கம்ப நிமிடத்தை இப்போதெல்லாம் நான் வேகமாக ஓட்டிவிட்டுத்தான் பார்க்கிறேன். அன்று காலை ஓட்ட வழியில்லை. அவர்கள் ரிங்கின் மூலையை நெருங்கிய ஒவ்வொரு முறையும் என் கண்கள் அந்தக் கம்பத்தின் மீதே போய் நின்றன. டேனியல்சன் வென்றார்.