சொட்டு எங்கிருந்து வருகிறது?

அப்பாவின் 1972 அம்பாசிடருக்கு அடியில் ஒரு மாதமாக எண்ணெய்ச் சொட்டு. இன்ஜின் ஆயில் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். தொட்டு முகர்ந்தேன், கந்தக வாடை. அப்போ கியர் ஆயில்தான்!

சொட்டுகிற இடமே கசிகிற இடம் என்று நம்பிவிடாதீர்கள். ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளிவிடும். அடியை மண்ணெண்ணெயால் கழுவி, நன்றாகக் காயவைத்து, முகப்பவுடர் தூவி 10 கிலோமீட்டர் ஓட்டினேன். நனைந்ததில் எது மேலே, எது முன்னால் என்று டார்ச் அடித்துப் பார்த்தால், கியர் பாக்ஸின் வால் பக்கத்து ஆயில் சீல், அதாவது எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம். ரப்பர் கல்லாக இறுகியிருந்தது.

சீல் மாற்றுமுன் அது உரசும் யோக்கை, அதாவது பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின் முன்முனையை, தடவிப் பாருங்கள். நகம் சிக்கும் அளவு பள்ளமிருந்தால் புது சீலும் நிற்காது. எங்களுடையது நல்லவேளை வழவழப்பாக இருந்தது.

மூன்று நாளாக அடியில் விரித்த அட்டை சுத்தம். அப்பா எழுந்ததும் முதலில் அதைத்தான் குனிந்து பார்க்கிறார்.