பாதாளத்துல சாப்பிடலாமா கூடாதா

எங்க ரைட்டர்ஸ் டீம்ல இருந்து எனக்கு வர்ற கோரிக்கைல பாதி இப்படித்தான் இருக்கும்: "சாவுக்கு ஒரு சாமி வேணும், இதுவரைக்கும் யாரும் தொடாததா பாத்துக் குடு." ஆடியோ தொடருக்கு ஃபேன்டஸி கதை எழுதுற இடம், அங்க புராணம், மதம், நாட்டுப்புறக் கதைன்னு தோண்டி எடுத்துக் குடுக்கறதுதான் என் வேலை. வெளில சொன்னா கற்பனைக் கதைக்கு எதுக்குய்யா ஆராய்ச்சின்னு சிரிப்பாங்க. கேக்குறவங்க எல்லாரும் பேரும் உருவமும்தான் கேப்பாங்க, நாலு தலை, நீலத் தோலு, வாயில நுழையாத ஒரு பேரு. எனக்கு என்னமோ அது ரெண்டும் ஈஸியா கிடைக்கிற சரக்கு, கதைய தூக்கி நிறுத்துறது அந்த உலகத்தோட சட்டம்தான்னு தோணும்.

போன சீசன எடுத்துக்கோங்க. ஹீரோயின் பாதாளத்துக்குப் போயி செத்துப்போன அண்ணன மீட்டுட்டு வரணும். இதுக்கு முன்னாடி யார் யாரெல்லாம் இப்படிப் போயிருக்காங்கன்னு ஒரு ஷீட் போட ஆரம்பிச்சேன், போடப் போட எல்லாரும் சாப்பாட்டு விஷயத்துலயே மாட்டிக்கிறாங்க. கிரேக்கத்துல பெர்செஃபனிங்கற பெண் தெய்வம் பாதாளத்துல மாதுளை முத்து தின்னுட்டா, அதனால வருஷத்துல மூணுல ஒரு பங்கு பாதாள ராஜா ஹேடீஸ் வீட்ல கிடக்கணும். ஜப்பான்ல, 712-ல எழுதி முடிச்ச கோஜிகிங்கற பழைய நூல்ல, இசானாகிங்கற சாமி செத்த பொண்டாட்டிய தேடி யோமிக்கு, அதாவது செத்தவங்க உலகத்துக்குப் போறான், அவ உள்ள இருந்தே "லேட்டா வந்துட்டியே, நான் இங்க அடுப்புல சமைச்சத சாப்பிட்டுட்டேன், சரி இங்க இருக்குற சாமிங்ககிட்ட கேட்டுட்டு வரேன், அதுவரைக்கும் என்னப் பாக்காத"ன்னு சொல்றா. இவன் பொறுமை இல்லாம தலைல இருந்த சீப்புல ஒரு பல்ல ஒடச்சு அதக் கொளுத்திப் பாத்துடறான், அங்க புழு நெளியுற உடம்பு.

சுமேரியக் கதை, அதாவது இன்னிக்கு ஈராக் இருக்குற பக்கத்துப் பழைய கதை, இன்னும் பிரமாதம். இனன்னாங்கற பெண் தெய்வம் ஏழு வாசல் தாண்டிப் பாதாளத்துக்குப் போறா, ஒவ்வொரு வாசல்லயும் ஒரு நகையோ துணியோ கழட்டி வாங்கிக்கிறாங்க, கடைசில அவ அக்கா, பாதாள ராணி எரேஷ்கிகல் முன்னாடி வெறும் உடம்பா நின்னு செத்துப்போயி ஆணில பொணமா தொங்குறா. அவள மீட்க என்கிங்கற சாமி தன் நகத்து அழுக்க எடுத்து ரெண்டு ஜீவனப் பண்ணி அனுப்புறாரு. அனுப்பும்போது சொல்ற இன்ஸ்ட்ரக்‌ஷன்தான் எனக்கு முக்கியம்: ஆறு நெறய தண்ணி தருவாங்க, வாங்காதீங்க, வயல் நெறய தானியம் தருவாங்க, வாங்காதீங்க, ஆணில தொங்குற பொணத்த மட்டும் கேளுங்க. அதுங்க உள்ள போயி சண்டை எதுவும் போடல. எரேஷ்கிகல் வலில "ஐயோ என் நெஞ்சே"ங்கிறா, இதுங்களும் கூடவே ஐயோன்னு அழுவுதுங்க. எனக்காக அழுவ ஒரு ஆளாவது வந்துச்சேன்னு அவ மனசு இறங்கி என்ன வேணும்னு கேக்குறா. பாதாளத்த ஜெயிக்க வாள் தேவையில்ல, கூட உக்காந்து அழுதா போதும்னு நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே களிமண்ல எழுதி வச்சிருக்கான். நம்மாளு இன்னும் மந்திர வாள் ஸ்பெக்கு எழுதிட்டு இருக்கான்.

இதெல்லாம் ஒண்ணும் என் கண்டுபிடிப்பு இல்ல. ஸ்டித் தாம்ப்சன்னு ஒரு அமெரிக்க நாட்டுப்புறவியல் பேராசிரியர் உலகக் கதைகள்ல திரும்பத் திரும்ப வர்ற விஷயங்கள எல்லாம் நம்பர் போட்டு ஆறு வால்யூம்ல அடுக்கி வச்சிருக்காரு, வேற்றுலகத்துல சாப்பிடக் கூடாதுங்கறது அதுல சி211. என் மாதிரி ஆளுங்களுக்கு அது டெலிபோன் டைரக்டரி மாதிரி. ஆனா நம்பர் கிடைச்சதும் வேலை முடிஞ்சதுன்னு விட்டா கதை செத்துரும், அந்த நம்பருக்குள்ள எங்க இடிக்குதுன்னு பாக்கணும்.

அப்படிப் பாத்தா அடாப்பா வர்றான். மெசபடோமியாக்காரன், தெக்குக் காத்தோட ரெக்கைய ஒடச்சதுக்கு வானத்துல விசாரணை. கெளம்பும்போது ஈயா சாமி (முன்னாடி பாத்த என்கிதான், இன்னொரு பேரு) "அங்க குடுக்குறது சாவு ரொட்டி, தொடாத"ன்னு சொல்லி அனுப்புறாரு. மேல வானத்துச் சாமி அனு குடுத்ததோ சாகா ரொட்டி, சாகாத் தண்ணி. நம்ம ஆளு சொன்ன பேச்சு கேட்டு வேணாம்னுட்டான், அனு சிரிச்சுட்டு கீழ அனுப்பிட்டாரு, போச்சு. ஈயா தெரிஞ்சேதான் பொய் சொன்னாரான்னு ஆராய்ச்சியாளருங்க இன்னும் அடிச்சுக்கிறாங்க. அப்புறம் நெர்கல்னு அதே ஊரு சாமி, பாதாளத்துக்குக் கெளம்பும்போது அவனுக்கும் அதே பாடம்: நாற்காலில உக்காராத, ரொட்டி கறி பீர் எதுவும் தொடாத, கால் கழுவத் தண்ணி குடுத்தா வாங்காத, எரேஷ்கிகல் பக்கம் போகாத. எல்லாத்தையும் சமாளிச்சவன் கடைசி ஐட்டத்துல விழுந்துட்டான், விழுந்து அங்கயே ராஜாவா செட்டிலும் ஆயிட்டான்.

அப்புறம் நசிகேதன். கடோபநிஷதத்துல அப்பா கோவத்துல "உன்ன எமனுக்குக் குடுத்தேன்"னு சொல்லிட, பையன் நெஜமாவே போயிடறான், எமன் வீட்ல இல்ல. மூணு ராத்திரி சாப்பிடாம கிடக்கான். திரும்பி வந்த எமன்தான் பதறுறாரு, ஏன்னா வந்த விருந்தாளி பட்டினியா தங்குனா வீட்டுக்காரனோட புண்ணியம், புள்ளை, மாடு எல்லாம் போயிடும்னு சட்டம். ஒரு ராத்திரிக்கு ஒரு வரம்னு மூணு வரம். இத பெர்செஃபனி பக்கத்துல வச்சுப் பாருங்க. அவ சாப்பிட்டா, மாட்டிக்கிட்டா. இவன் சாப்பிடல, வீட்டுக்காரன் மாட்டிக்கிட்டான். ரெண்டும் ஒரே விருந்தோம்பல் சட்டம்தான், யார் யாருக்குக் கடன்பட்டாங்கங்கறதுதான் திரும்புது. இத மீட்டிங்ல சொன்னதும் ரூம் முழுக்க ஒரே சத்தம், அன்னிக்கே அந்த எபிசோடு முழுசா மாறுச்சு: ஹீரோயின் பாதாள வாசல்ல உக்காந்துடறா, தட்டு தட்டா வருது, ஒண்ணத்தையும் தொடல, உள்ள இருக்குறவன் தூக்கம் போயி வெளில வர்றான்.

உடனே ஒரு கேள்வி வந்துச்சு, நியாயமான கேள்வி, இது சாமி விஷயமாச்சே, எடுக்கலாமா? எங்க டிரைவ்ல புராணம்னு ஒரு ஃபோல்டர், மதம்னு ஒரு ஃபோல்டர் இருந்துச்சு. செத்துப்போன சாமி எல்லாம் மொதல்ல, உசுரோட இருக்குற சாமி எல்லாம் ரெண்டாவதுல. எனக்கு அந்தப் பிரிப்பே பிடிக்கல. வட ஐரோப்பாவோட ஓடின், தோர் எல்லாம் செத்த சாமின்னு நெனச்சுட்டு இருக்கோம், ஐஸ்லாந்துல 1973-லயே அவங்கள கும்பிடுற அமைப்ப அரசாங்கம் மதமா அங்கீகாரம் பண்ணிருச்சு. இசானாகிக்கு இன்னிக்கும் கோயில் இருக்கு. அப்புறம் சில கதைகள் பொதுச் சொத்தே கிடையாது, ஆஸ்திரேலியப் பழங்குடிகள்ல சில கதைய தீட்சை வாங்குனவங்க மட்டும்தான் கேக்கலாம், அமெரிக்கப் பழங்குடியான நவாஹோ மக்கள் கொயோட்டிங்கற ஓநாய் மாதிரி மிருகத்தோட கதைய குளிர்காலத்துல மட்டும்தான் சொல்வாங்க. அதனால நான் ஃபோல்டர ஒண்ணாக்கிட்டு ஷீட்ல பக்கத்துல ஒரு கட்டம் சேத்தேன், இப்ப இத யாரு என்ன பண்றாங்க. கும்பிடுறாங்களா, பரீட்சைக்குப் படிக்கிறாங்களா, வெளியாளுக்குச் சொல்ல மாட்டாங்களா. கும்பிடுற சாமியோட பேர தொட மாட்டோம், விருந்தாளிய பட்டினி போடாதங்கற மாதிரி சட்டம் உலகத்துல எங்க பாத்தாலும் இருக்கு, அத எடுத்துக்கலாம். சொல்லக் கூடாதுன்னு அவங்களே வச்சிருக்குறத ஷீட்லயே ஏத்த மாட்டேன், இதுல எனக்கும் புரொட்யூசருக்கும் இன்னும் இழுபறிதான்.

இன்னொரு கட்டம், எழுதி வச்சது யாரு. நார்ஸ் கதைன்னு, அதாவது ஓடின், தோர் கதைன்னு நாம படிக்கிறதுல பெரும்பங்கு ஸ்னோரி ஸ்டர்லசன் 1220 வாக்குல எழுதுனது, ஐஸ்லாந்து கிறிஸ்தவத்துக்கு மாறி ரெண்டு நூற்றாண்டுக்கு மேல ஆயிருச்சு அப்போ, அவரும் கிறிஸ்தவர், கவிஞர்களுக்குப் பாடப் புத்தகமாத்தான் எழுதுறாரு, முன்னுரைல இந்தச் சாமிங்க எல்லாம் டிராய்ங்கற பழைய நகரத்துல இருந்து வந்த மனுஷங்கன்னு வேற சொல்லி வைக்கிறாரு. மத்திய அமெரிக்காவோட மாயா மக்கள் பக்கம் இன்னும் கொடுமை. 1562-ல டியேகோ டி லாண்டாங்கற பாதிரியார் மானிங்கற ஊர்ல அவங்க சுவடிகள கொளுத்துனாரு, இன்னிக்கு உலகம் முழுக்க மிஞ்சியிருக்கறது நாலே நாலு சுவடி. மாயா மக்களோட புராண நூலான போபோல் வூ நம்ம கைக்கு வந்ததோ இன்னொரு பாதிரியார், ஃபிரான்சிஸ்கோ ஹிமேனெஸ், 1700-கள் தொடக்கத்துல உக்காந்து பாத்து எழுதுன காப்பிலதான். ஒரு பாதிரி கொளுத்துறாரு, ஒரு பாதிரி காப்பி எடுக்குறாரு. எவனாவது "ஒரிஜினல் வெர்ஷன் குடு"ன்னு கேட்டா எனக்கு இவங்க ரெண்டு பேரும்தான் ஞாபகம் வருவாங்க.

நெட்ல சுத்துற லிஸ்ட்டுகளப் பத்தி பேசவே வேணாம். எகிப்துச் சாமி ஹோரஸ் ஏசு மாதிரியே டிசம்பர் 25-ல கன்னிக்குப் பொறந்தாருன்னு வருஷா வருஷம் எவனாவது ஃபார்வர்டு பண்ணுவான். எகிப்துக் கதைல ஹோரஸோட அம்மா ஐசிஸ் செத்த புருஷன் ஓசிரிஸோட உடம்பத் தேடிச் சேத்து அவன் மூலமாத்தான் கர்ப்பமாகுறா, கன்னி எங்க வந்தா?

பாதாள எபிசோடு ரெக்கார்டிங் முடிஞ்சிருச்சு. இப்ப டிராகன் ஷீட்டு ஓடுது. பாபிலோன் புராணத்துல வர்ற தியாமத்த டிராகனா வரைஞ்சு ஒருத்தர் கான்செப்ட் ஆர்ட் அனுப்பிட்டாரு. எனூமா எலிஷ்ங்கற பாபிலோன் படைப்புக் கதைப் பாட்டுல அவளுக்கு வால் வருது, மடி வருது, உதடு வருது, அவ பெத்து விடுற ராட்சசப் பட்டாளத்துல பாம்பும் டிராகனும் வருது, ஆனா அவளே டிராகன்னு எங்கயும் தெளிவா சொல்லலன்னு நான் கமெண்ட் போட்டேன். "அப்ப அவ எப்படித்தான் இருப்பா?"ன்னு பதில் வந்திருக்கு. உப்புக் கடல், அத வரைங்கன்னு எழுதிட்டு உக்காந்திருக்கேன்.