கல்யாணப் பத்திரிகையோடு வள்ளிமலைக்கு

வேலூர் மாவட்டத்தில் பொன்னை, மேல்பாடி, திருவலம் பக்கத்து ஊர்களில் வைகாசிக் கல்யாணம் என்றால் முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு. அடுத்தது வள்ளிமலைக்கு. வேடர் தலைவன் நம்பிராஜன் மகளாக வளர்ந்த வள்ளி தினைப்புனம் காத்த மலை இது. மாப்பிள்ளை முருகனே பெண்ணைத் தேடி நடந்து வந்த இடம். பத்திரிகை வைக்க இதைவிடப் பொருத்தமான சந்நிதி இந்த வட்டாரத்தில் இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள், வந்த உறவினர்களை எல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு போவதுதான் பலர் செய்வது. அது வேண்டாம். பந்தல் வேலையும் சமையல்காரர் கணக்குமாக மனம் அலையும் நாள் அது. பத்திரிகை அச்சாகி வந்த வாரமே இரு வீட்டிலிருந்தும் நாலைந்து பேர் போனால் நின்று நிதானமாகக் கும்பிடலாம்.

வள்ளிமலை, காட்பாடியிலிருந்து பொன்னை போகும் சாலையில் இருபது கிலோமீட்டருக்கு மேல். ரயிலில் வருகிறவர்கள் காட்பாடியில் இறங்குவதே நல்லது. திருவலத்தில் பெரும்பாலான விரைவு ரயில்கள் நிற்பதில்லை. படிகள் நானூறுக்கு மேல். கத்திரி வெயிலில் ஒன்பது மணிக்கெல்லாம் கருங்கல் சுட ஆரம்பித்துவிடும். ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் பாதம் கொப்புளிக்கும். ஆகவே ஆறு மணிக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும். மேலே நடை திறக்கும் நேரத்தை முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை வற்புறுத்தி ஏற்ற வேண்டியதில்லை. அடிவாரக் கோயிலிலும் முருகன் வள்ளி தெய்வானையோடு இருக்கிறார். அங்கே கும்பிட்டாலும் அதே அருள்தான்.

இங்கே தேனும் தினைமாவும் படைப்பதுதான் விசேஷம். கடையில் பொட்டலமாக வாங்காமல் வீட்டிலேயே செய்து கொண்டுபோங்கள். உமி நீக்கிய தினை அரை கிலோ. கல் பார்த்து, இரண்டு முறை கழுவி, வேட்டித் துணியில் நிழலில் உலர்த்த வேண்டும். ஈரம் இருந்தால் மாவு கட்டி தட்டும். அடிகனமான சட்டியில் சிறுதீயில் வாசம் வரும் வரை வறுக்கவும். அரைகுறையாக வறுத்தால் பச்சை வாடை போகாது. நன்றாக ஆறிய பிறகு அரைத்துச் சலித்து, முந்நூறு கிராம் பொடித்த வெல்லம், நாலு ஏலக்காய் சேர்க்கலாம். மாவு சூடாக இருக்கும்போது வெல்லத்தைப் போட்டால் இளகிப் பிசுபிசுத்துவிடும். தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. இந்த வெயிலுக்கு மதியத்துக்குள் புளித்துவிடும். தேனும் நெய்யும் தனித்தனிச் சிறு பாட்டிலில் போகட்டும். மேலே போய், படைக்கும் முன்பு விட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்தால் போதும்.

எல்லாவற்றையும் ஜிப் வைத்த துணிப்பையில் வையுங்கள். பிளாஸ்டிக் கவரின் சரசரப்புக் கேட்டாலே குரங்குகள் வந்துவிடும். வாழைப்பழம் வெளியே தெரிந்தால் பையோடு போகும். மல்லிகைச் சரத்தை நனைத்த வாழையிலையில் சுற்றினால் வாடாது.

பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவும்போது கெட்டியாகக் குழைத்துத் தடவுங்கள். நீர்த்துப்போனால் பெயர்மேல் வழிந்து எழுத்துக் கலையும். இரண்டு பத்திரிகை வேண்டும்: ஒன்று சந்நிதியில் வைக்க, ஒன்று பூஜை முடிந்து வீட்டுக்குக் கொண்டுவர. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், பூ. பெண், மாப்பிள்ளை பெயர் நட்சத்திரங்களை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் அர்ச்சகருக்குச் சுலபம். வாயால் நாலு பேர் சேர்ந்து சொன்னால் நட்சத்திரம் மாறிப்போகும்.

மேலே முருகன் இருப்பது பாறைக் குடைவுக்குள். அவரைக் கும்பிட்ட கையோடு குமரி வள்ளி சந்நிதிக்கு வாருங்கள். உண்டிவில்லும் கவண்கல்லுமாக, இன்னும் புனம் காக்கிற பெண்ணாகவே நிற்கிறாள். கல்யாணப் பெண் வந்திருந்தால் மஞ்சள் குங்குமத்தை அவள் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். வள்ளி திருமாலின் மகள் என்பதால், பெருமாள் கோயில்போல் இங்கேயும் தலையில் சடாரி வைக்கிறார்கள். மாமனாரின் ஆசியும் சேர்ந்து கிடைக்கிறது!

இதே மலையில் 9ஆம் நூற்றாண்டில் கங்க மன்னன் ராசமல்லன் காலத்துச் சமணக் குகையும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் உண்டு. பாருங்கள், ஆனால் குங்குமம் பூசுவது, பெயர் கீறுவது எதுவும் வேண்டாம். அதுவும் ஒரு சமயத்தார் தவம் செய்த இடம். திருப்புகழை ஊரெங்கும் பாடப் பரப்பிய சச்சிதானந்த சுவாமிகளின் ஆசிரமமும் இங்கேதான். ஒரு திருப்புகழாவது பாடிவிட்டு இறங்குவது நல்லது.

திரும்பும் வழியில் நேரம் இருந்தால் மேல்பாடி. பொன்னையாற்றங்கரையில் அரிஞ்சய சோழனுக்கு முதலாம் ராஜராஜன் எடுத்த பள்ளிப்படை, அதாவது இறந்த மன்னரின் நினைவாக எழுப்பிய சிவன் கோயில் இருக்கிறது. அளவில் சிறியது, அரைமணி நேரம் போதும். பள்ளிப்படை என்பதால் பத்திரிகைத் தட்டை அங்கே எடுத்துப் போவதில்லை. வண்டியிலேயே வைத்துவிட்டு, ஈசனைக் கும்பிட்டு வரலாம்.